பனியுகத்தில் பட்டம் பெற்றவர்கள்: ஜப்பானில் ஒரு தலைமுறை வாசலிலேயே நின்றது ஏன்?

உடம்பு வணங்குவதில்லை, பொறுமை இல்லை, பொறுப்பு இல்லை. 2000-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானில் இருபது வயதுகளில் இருந்தவர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசியதை நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான். நிரந்தர வேலை இல்லாமல் கடைகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்பவர்களுக்கு ‘ஃப்ரீட்டர்’ என்று பெயர். திருமணமாகாமல் பெற்றோர் வீட்டிலேயே இருப்பவர்கள் ‘ஒட்டுண்ணித் தனியர்’. சமூகவியலாளர் யமாதா மசஹிரோ 1990-களின் பிற்பகுதியில் சூட்டிய பெயர் இது. படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாதவர்கள் ‘நீட்’. நம்மூர் மருத்துவ நுழைவுத் தேர்வோடு இதற்குச் சம்பந்தமில்லை. பிரிட்டன் அரசின் 1999 அறிக்கை ஒன்றில் வந்த சொல், 2004-ல் ஜப்பானியப் பத்திரிகைகளில் பரவியது. இவை எல்லாவற்றுக்கும் மேலே ‘ஜிகோ செகினின்’ என்ற தீர்ப்பு: உன் நிலைமைக்கு நீதான் பொறுப்பு.

அந்தத் தலைமுறைக்கு நேர்ந்ததில் மனப்போக்கின் பங்கு எவ்வளவு, ஆளெடுக்கும் முறையின் பங்கு எவ்வளவு, தனி ஆளின் கையில் உண்மையாகவே இருந்தது எது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளைகளின் மனப்போக்கு கெட்டதால் வேலை இல்லாமல் போகவில்லை; வேலை இல்லாமல் போன பிறகுதான் மனப்போக்கு பேச்சுக்கே வந்தது. தனிப் பொறுப்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஊரார் திட்டிய விஷயங்களில் அது இல்லை. இரண்டு மூன்று படிவங்களிலும் சம்பளச் சீட்டுகளிலும் இருந்தது. அதை அவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீழ்ச்சியின் அளவு

1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோவின் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915 புள்ளியைத் தொட்டது. அதன்பின் இறக்கம்தான். பங்கும் நிலமும் விழுந்தன, வங்கிகளின் கடன்கள் வாராக் கடன்களாயின. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கியும் யமாயிச்சி பங்குத் தரகு நிறுவனமும் அடுத்தடுத்து விழுந்தன.

1992-ல் மாணவர்களுக்கான வேலைவாய்ப்பு இதழ் ஒன்று ‘வேலைவாய்ப்புப் பனியுகம்’ என்ற சொல்லை அச்சிட்டது. 1993 முதல் 2004 வரையிலான ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே நிலைத்துவிட்டன. பல்கலைக்கழகப் பட்டதாரிகளில் வேலையில் சேர்ந்தவர்கள் 1991-ல் 81.3 சதவீதம், 2003-ல் 55.1 சதவீதம். பள்ளி முடித்தவர்கள் பட்ட அடி இன்னும் பெரிது. 1992-ல் பள்ளி முடித்தவர்களுக்கு என்று நிறுவனங்கள் அனுப்பிய பணியிடங்கள் ஏறத்தாழ 16 லட்சத்து 76 ஆயிரம். 2003-ல் அது சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் தேறியது.

பதினோரு ஆண்டுகளில் ஒரு நாட்டின் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் சுறுசுறுப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. இந்த ஒரு எண்ணே வழக்கை முடித்திருக்க வேண்டும். ஏன் முடிக்கவில்லை என்பதற்கு ஆளெடுக்கும் முறைக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே வாசல், ஒரே நாள்

ஜப்பானியப் பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் மொத்தமாக ஆளெடுக்கும். அந்த மார்ச்சில் படிப்பை முடிப்பவர்களை ஏப்ரல் 1 அன்று சேர்த்துக்கொள்ளும். நம் கல்லூரிகளின் கேம்பஸ் இன்டர்வியூவை நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணையில் போட்டு, அதைத் தவறவிட்டால் மறு ஆண்டு கிடையாது என்றால் எப்படி இருக்கும், அதுதான். குறிப்பிட்ட வேலைக்கு ஆள் தேடுவதில்லை. அனுபவமில்லாத ‘புதிய பட்டதாரி’யை எடுத்து, நிறுவனமே பழக்கி, ஓய்வு வரை வைத்துக்கொள்வதே வழக்கம். ஆகவே முந்தைய ஆண்டு முடித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர் புதியவரும் இல்லை, அனுபவசாலியும் இல்லை. இரண்டு கதவும் அவருக்கு இல்லை. படிப்பு முடிந்து மூன்று ஆண்டு வரை புதியவராகவே நடத்துங்கள் என்று அரசு நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் தந்தது 2010-ல்தான்.

பள்ளி மாணவர்களுக்கான வழி இதைவிட இறுக்கமானது. ஜூலையில் பணியிட அறிவிப்புகள் பள்ளிக்கு வந்து சேரும். எந்த மாணவர் எந்த நிறுவனத்துக்கு என்பதைக் கோடை விடுமுறைக்குள் பள்ளியே தேர்ந்துவிடும். செப்டம்பரில் விண்ணப்பம், அந்த மாத நடுவிலிருந்து தேர்வு. முதல் சுற்றில் ஒரு மாணவர் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். பள்ளி எதை வைத்துத் தேர்கிறது? மதிப்பெண், வருகைப் பதிவு, நடத்தை. பணியிடம் தாராளமாக இருந்த காலத்தில் இது நல்ல ஏற்பாடாகவே ஓடியது. ஒழுங்காக வந்து போகும் பிள்ளைக்கு ஊர்த் தொழிற்சாலையில் இடம் உறுதி. அறிவிப்புகள் வற்றிய பிறகு அதே வருகைப் பதிவு, அதே நடத்தை உள்ள பிள்ளை வரிசையில் இடமில்லாமல் நின்றது. மனப்போக்குக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய கண்களுக்கு, இடம் கிடைக்காதவர் மனப்போக்கில் குறைந்தவராகவே தெரிந்தார். பழியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

சரி, வெட்டு ஏன் இளைஞர்கள் தலையில் விழுந்தது? ஜப்பானில் நிரந்தர ஊழியரை வேலையைவிட்டு நீக்குவது கடினம். ஆட்குறைப்பு சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால் நான்கு விஷயங்களை நிறுவனம் காட்ட வேண்டும் என்று 1970-களின் தீர்ப்புகள் வகுத்தன: ஆட்குறைப்பு உண்மையிலேயே தேவைதானா, அதைத் தவிர்க்க முயன்றார்களா, ஆட்களைத் தேர்ந்த விதம் நியாயமா, ஊழியர்களிடம் கலந்து பேசினார்களா. இரண்டாவதைக் காட்ட எளிய வழி, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துவது. உள்ளே இருக்கும் ஐம்பது வயதுக்காரரைக் காக்க, வெளியே நிற்கும் இருபத்திரண்டு வயதுக்காரருக்குக் கதவைச் சாத்தினார்கள். டோக்கியோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் கெண்டா யூஜி இதை நிறுவனத் தரவுகளைக் கொண்டே காட்டினார்: நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஊழியர்களின் விகிதம் எங்கே கூடுதலோ, அங்கே இளைஞர்களை எடுப்பது கூடுதலாகக் குறைந்திருந்தது. அந்த ஐம்பது வயதுக்காரரும் கெட்டவர் இல்லை. பல வீடுகளில் அவர் அந்த இளைஞரின் அப்பாவாகவே இருந்திருப்பார்.

கதவு சாத்திய அதே காலத்தில் பக்கத்தில் ஒரு திட்டிவாசல் திறந்தது. ஒரு நிறுவனம் தன் ஆட்களை வேறு நிறுவனங்களில் வேலை செய்ய அனுப்பும் ‘ஒப்பந்த ஆள்’ முறைக்கான சட்டம் 1985-ல் வந்தபோது, குறிப்பிட்ட சில சிறப்பு வேலைகளுக்கு மட்டுமே அனுமதி. 1999-ல் விலக்கப்பட்ட சில துறைகள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி. 2004-ல் தொழிற்சாலை உற்பத்தி வேலையும் சேர்ந்தது. அந்த வழியாக உள்ளே போனவர்களில் பலர் 2008 இறுதியில் வேலையையும் நிறுவனம் கொடுத்த தங்குமிடத்தையும் ஒரே நாளில் இழந்தார்கள். அந்தப் புத்தாண்டில் டோக்கியோ ஹிபியா பூங்காவில் தொண்டர்கள் கூடாரம் போட்டுச் சோறு போட்டபோது சுமார் 500 பேர் வந்து தங்கினார்கள்.

காரணம் சொல்லாத கடிதம்

நிராகரிப்புக் கடிதத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பித்ததற்கு நன்றி, தீவிரமாகப் பரிசீலித்தோம், இந்த முறை உங்கள் எண்ணத்தை நிறைவேற்ற இயலவில்லை, மேலும் சிறந்து விளங்கப் பிரார்த்திக்கிறோம். இவ்வளவே. ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி இருக்காது. கடைசி வரியை வைத்து மாணவர்கள் அதைப் ‘பிரார்த்தனைக் கடிதம்’ என்றே அழைத்தார்கள். ‘இந்த ஆண்டு நானூறு பேரை எடுக்கும் இடத்தில் நாற்பது பேரைத்தான் எடுக்கிறோம்’ என்று எந்த நிறுவனமும் எழுதாது. ஆகவே ஐம்பது கடிதம் வாங்கியவர் ஐம்பது முறையும் காரணத்தைத் தனக்குள் தேடினார். தேடுவதற்குப் பயிற்சியும் இருந்தது. வேலை தேடும் மாணவர் முதலில் செய்ய வேண்டியது ‘சுய ஆய்வு’ என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லின: உன் பலம் என்ன, குறை என்ன, பள்ளி நாள் முதல் எழுது. மனிதரைக் கவனமாகக் குற்ற உணர்வுக்குள் தள்ள இதைவிட நேர்த்தியான ஏற்பாடு வேண்டியதில்லை.

அடுத்தது ‘ரிரேகிஷோ’ என்னும் தன்விவரப் படிவம். கடையில் விற்கும் அச்சிட்ட தாள். மூன்றுக்கு நான்கு சென்டிமீட்டர் புகைப்படம் ஒட்ட வேண்டும். அன்று அதைக் கறுப்பு மையில் கையால்தான் எழுத வேண்டும். ஒரு எழுத்து பிழைத்தாலும் வெள்ளை மை தடவக் கூடாது, புதிய தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும். படிப்பும் வேலையும் ஆண்டு, மாதம் போட்டு வரிசையாக வரும். 2000 மார்ச்சில் பட்டம் என்று எழுதிய வரிக்குக் கீழே 2000 ஏப்ரலில் ஒரு நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அந்த வெற்று இடம்தான் நேர்காணலில் முதல் கேள்வி. மூன்று ஆண்டு கடையில் இரவு முறை பார்த்து, சரக்கு எடுத்து, புதிதாக வந்தவர்களைப் பழக்கியிருந்தாலும் அது ‘பகுதிநேரம்’. பல நேர்காணல்காரர்கள் அதை வேலை அனுபவமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உழைத்த ஆண்டுகள் தாளில் சோம்பலாகப் பதிவாயின.

மனப்போக்குக் குற்றச்சாட்டைச் சோதித்தால்

குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஃப்ரீட்டர்களை நேரில் பேட்டி கண்ட ஜப்பானியத் தொழிலாளர் ஆய்வாளர்கள் அவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் தள்ளிப்போடுபவர்கள், இசை நாடகம் என்று கனவைத் துரத்துபவர்கள், வேறு வழியில்லாமல் வந்தவர்கள். முதல் இரண்டு வகையினரும் உண்டு, எண்ணிக்கையில் அவர்கள் குறைவும் அல்ல. ஆனால் தள்ளிப்போடும் இருபது வயதுக்காரர் எல்லாக் காலத்திலும் இருந்தார். நல்ல காலத்தில் இரண்டு ஆண்டு சுற்றிவிட்டு வந்தாலும் ஏதோ ஒரு இடத்தில் ஒண்டிக்கொள்ள முடிந்தது. பனியுகத்தில் அதே இரண்டு ஆண்டு வாழ்நாள் தண்டனையானது. 2003-ல் அரசுக் கணக்கில் ஃப்ரீட்டர்கள் 21 லட்சத்து 70 ஆயிரம்.

நீட் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 15 முதல் 34 வயது வரை உள்ளவர்களில் படிப்பிலும் வேலையிலும் இல்லாமல், வேலை தேடவும் செய்யாதவர்களை ஜப்பானிய அமைச்சரவை அலுவலகம் இரண்டாகப் பிரித்து எண்ணியது. வேலை செய்ய விருப்பமே இல்லை என்றவர்கள் 1992-ல் 4 லட்சத்து 12 ஆயிரம்; 2002-ல் 4 லட்சத்து 21 ஆயிரம். பத்து ஆண்டில் கிட்டத்தட்ட அசையவே இல்லை. விருப்பம் உண்டு, ஆனால் இப்போது தேடவில்லை என்றவர்கள் 2 லட்சத்து 57 ஆயிரத்திலிருந்து 4 லட்சத்து 26 ஆயிரமாக ஏறினார்கள். கூடியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் தேடிச் சலித்தவர்களும், உடல்நலம், வீட்டுச் சுமை போன்றவற்றால் தேட முடியாதவர்களும்தான். கல்வியியல் அறிஞர் ஹோண்டா யூகி போன்றவர்கள் 2006-லேயே இதை எடுத்துச் சொன்னார்கள். ‘விருப்பமில்லாதவர்கள் பெருகிவிட்டார்கள்’ என்ற பேச்சு அதற்குள் ஊறிப்போயிருந்தது.

பொறுமை இல்லாமல் வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது இன்னொரு புகார். 1992-ல் சேர்ந்த பட்டதாரிகளில் மூன்று ஆண்டுக்குள் விலகியவர்கள் 23.7 சதவீதம், 2000-ல் சேர்ந்தவர்களில் 36.5 சதவீதம். எண் உண்மை. ஆனால் எந்த ஆண்டில் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். பிடித்த இடம் கிடைக்காமல் கிடைத்த இடத்தில் தொற்றிக்கொண்டவர்கள் அவர்கள். ஆள் எடுக்காமல் விட்டதால் முன்பு மூவர் பார்த்த வேலை புதிதாக வந்த ஒருவர் தலையில் விழுந்த ஆண்டுகளும் அவைதான்.

அரசு செய்ததில் பலித்ததும் பலிக்காததும்

2005-ல் ‘இளைஞர் சுயசார்புப் பள்ளி’ என்று மூன்று மாதத் தங்கும் பயிற்சி தொடங்கியது. காலையில் எழுவது, கூடி வாழ்வது, உழைக்கும் பழக்கம். மனப்போக்கே நோய் என்று எண்ணிக் கொடுத்த மருந்து. எதிர்பார்த்த அளவு ஆட்கள் சேரவில்லை. 2009-ன் செலவுச் சீராய்வில் கைவிட முடிவாகி மறு ஆண்டு மூடப்பட்டது.

அதற்கு முன்பே, 2001 இறுதியில், இளைஞர்களுக்கான ‘சோதனைப் பணியமர்த்தல்’ தொடங்கியிருந்தது. அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஹலோ வொர்க் வழியாக மூன்று மாதம் ஒருவரை வைத்துப் பாருங்கள், அந்த மாதங்களுக்கு முதலாளிக்கு ஒரு தொகை தருகிறோம், பிடித்தால் நிரந்தரமாக்குங்கள் என்ற ஏற்பாடு. சோதனைக் காலத்தை முடித்தவர்களில் பெரும்பாலோர் அதே இடத்தில் நிலைத்தார்கள். தாளில் இருந்த வெற்று இடத்தைத் தாண்டி ஆளை நேரில் பார்க்க வைத்ததே அது பலித்ததற்குக் காரணம். ஆளை மாற்றவில்லை, ஆளைப் பார்க்கும் முறையை மாற்றினார்கள். இதைப் பத்து மடங்கு செய்திருக்க வேண்டும் என்று இன்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அவர்கள் கையில் இருந்தது

இனி தனிப் பொறுப்புக்கு வருவோம். இது ஓய்வூதியத்தில்தான் மிகத் துல்லியமாகத் தெரிகிறது.

ஜப்பானில் இருபது வயதானவுடன் எல்லோரும் தேசிய ஓய்வூதியத்தில் சேர வேண்டும். நிரந்தர ஊழியருக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், பாதியை நிறுவனம் கட்டும். நிரந்தர ஊழியரின் வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்குக்குக் கீழே வேலை செய்தவர் அன்று பெரும்பாலும் இந்தப் பிடித்தத்தில் வரவில்லை. தானே கட்ட வேண்டியிருந்தது. 1998 ஏப்ரல் முதல் 2005 மார்ச் வரை மாதம் 13,300 யென். மணிக்கு 850 யென் வாங்குபவர் நாளுக்கு ஐந்து மணி நேரம், மாதம் 22 நாள் நின்றால் 93,500 யென். 2003-ல் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலியே 708 யென் என்பதால் இது மோசமான கூலியும் இல்லை. வாடகை, மருத்துவக் காப்பீடு, வரி எல்லாம் போக அந்த 13,300 பலருக்கு எட்டவில்லை.

எட்டாதபோது இரண்டு வழி. ஒன்று, பேசாமல் விட்டுவிடுவது. மற்றொன்று, நகராட்சி அலுவலகத்தில் ஒரு தாளை நிரப்பி விலக்கு கேட்பது. இரண்டிலும் கையிலிருந்து ஒரு யென் போகாது. ஆனால் கணக்கு வேறு. விட்டுவிட்ட மாதத்துக்கு மதிப்பு பூஜ்யம். இரண்டு ஆண்டுக்குள் கட்டாவிட்டால் பொதுவாகப் பிறகு கட்டவும் முடியாது. முழு விலக்கு பெற்ற மாதமோ, 2009 மார்ச் வரையிலானது மூன்றில் ஒரு பங்காகவும், அதற்குப் பிந்தையது பாதியாகவும் ஓய்வூதியத்தில் சேரும். பத்து ஆண்டு வரை பின்கட்டணம் கட்டி முழுமையாக்கலாம். முழு ஓய்வூதியம் 480 மாதத்துக்கு. ஆண்டுக்கு 7,80,000 யென் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதக் கட்டணம் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் 1,625 யென் தரும். அறுபது மாதம் பேசாமல் விட்டவருக்கு ஒன்றுமில்லை. அதே அறுபது மாதத்துக்கு அன்று தாள் கொடுத்தவருக்கு ஆண்டுக்கு 32,500 யென்.

இதைவிடப் பெரியது உடற்குறை ஓய்வூதியம். விபத்தோ மனநோயோ வந்து வேலை செய்ய முடியாமல் போனால் அது கிடைக்க, அதுவரையான மாதங்களில் மூன்றில் இரண்டு கட்டியோ விலக்கு பெற்றோ இருக்க வேண்டும், அல்லது கடைசி ஓராண்டில் விட்டுப்போன மாதம் இருக்கக் கூடாது. விலக்குத் தாள் கொடுத்தவர் காக்கப்படுவார், கொடுக்காதவர் காக்கப்படமாட்டார். தனி ஆளின் பொறுப்பு என்றால் இதுதான் பொறுப்பு. இதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

இதிலும் ஒரு கண்ணி இருந்தது. விலக்குக்குக் குடும்பத் தலைவரின் வருமானத்தையும் பார்ப்பார்கள். அப்பாவுக்கு நல்ல சம்பளம் என்றால் அவர் வீட்டில் இருக்கும் மகனுக்கு விலக்கு கிடைக்காது. வாடகைக்கு வழியில்லாமல் வீட்டில் இருந்த, ‘ஒட்டுண்ணி’ என்று பெயர் வாங்கிய அதே பிள்ளைதான் இங்கேயும் மாட்டிக்கொண்டது. முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவரின் சொந்த வருமானத்தையும், மணமானவராக இருந்தால் துணையின் வருமானத்தையும் மட்டும் பார்க்கும் ஒத்திவைப்பு முறை 2005 ஏப்ரலில்தான் வந்தது. தொகை அதில் சேராது, தகுதி மட்டும் காக்கப்படும்.

இரண்டாவது, வேலையின்மைக் காப்பீடு. வாரம் இருபது மணி நேரமும் ஓராண்டு தொடரும் வாய்ப்பும் இருந்தால்தான் அன்று சேர முடியும். அந்த ஓராண்டு 2009-ல் ஆறு மாதமாகவும் 2010-ல் 31 நாளாகவும் குறைந்தது. தகுதி இருந்தும் சேர்க்காமல் விட்ட முதலாளிகள் உண்டு. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஹலோ வொர்க் போனால் இரண்டு ஆண்டு பின்னோக்கிச் சேர்ப்பார்கள். பிடித்தம் செய்த சீட்டு இருந்தால் 2010 அக்டோபருக்குப் பின் அதற்கும் முன்னே போக முடிந்தது. சீட்டைத் தூக்கிப் போட்டவருக்கு வழியில்லை.

இருபது ஆண்டுக்குப் பின்

2019-ல் அரசு இந்தத் தலைமுறையில் 3 லட்சம் பேரை மூன்று ஆண்டில் நிரந்தர வேலைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. அதே ஆண்டு ஹ்யோகோ மாநிலத்தின் தகராசுகா நகராட்சி, 36 முதல் 45 வயது வரை உள்ள பனியுகத்தினருக்கு என்று மூன்று அலுவலகப் பணியிடங்களை அறிவித்தது. நாடெங்கிலுமிருந்து 1,816 பேர் விண்ணப்பித்தார்கள். நால்வரை எடுத்தார்கள்.

2009 முதல் ஓய்வூதிய அமைப்பு ஒவ்வொருவருக்கும் பிறந்த மாதத்தில் கணக்கு அனுப்புகிறது. இப்போது அது வழக்கமாக ஓர் அஞ்சலட்டை. 35, 45, 59 வயதில் மட்டும் அட்டைக்குப் பதில் தடித்த உறை வரும். உள்ளே இருபது வயது முதல் ஒவ்வொரு மாதமும் கட்டியதா, கட்டாததா, விலக்கா என்று கட்டம் கட்டமாக அச்சாகியிருக்கும். 2000 மார்ச்சில் பட்டம் பெற்றவர்களுக்கு அந்த 45 வயது உறை 2022-ஐ ஒட்டி வந்து சேர்ந்தது.